பதினேழின் வலது கை

என் அண்ணனுக்கு நடிக்க வராது. பள்ளிக்கூட நாடகத்தில் அவனுக்குக் கொடுத்தது பிணத்தின் வேஷம். சும்மா படுத்திருந்தால் போதும். அதிலும் முதல் வரிசையில் அம்மாவைப் பார்த்ததும் இளித்து வைத்துவிட்டான். பொய் சொன்னால் அவனுக்குக் காது சிவந்துவிடும். சீட்டாடினால் கையில் என்ன இருக்கிறது என்று முகமே சொல்லிவிடும். அப்படிப்பட்டவன் நாற்பத்தாறாவது வயதில் ஒரு ஆண்ட்ராய்டாக நடித்து எங்களை எல்லாம் வாய் பிளக்க வைத்தான் என்றால், அப்போதே எனக்கு உறைத்திருக்க வேண்டும். உறைக்கவில்லை. கை தட்டினேன்.

நான் கார் ஓட்டக் கற்றுக்கொடுக்கிறவள். ஞாயிற்றுக்கிழமைகளில் எங்கள் பயிற்சிப் பள்ளிக்கு விடுமுறை. சாலைக் குறியீட்டுப் படங்கள் மாட்டிய வகுப்பறை காலியாக இருக்கும். மதியம் இரண்டு மணிக்கு மேல் அங்கே நாங்கள் நான்கு பேர் விண்கலம் ஓட்டுவோம். இது மேஜையில் உட்கார்ந்து ஆடும் ஆட்டம். பலகை கிடையாது, காய் நகர்த்தல் கிடையாது. ஒவ்வொருவரும் ஒரு ஆளை உருவாக்கி, மூன்று மணி நேரம் அந்த ஆளாகவே பேச வேண்டும். இக்கட்டு வந்தால் பகடை உருட்ட வேண்டும். கதையை நடத்துகிறவள் நான். எல்லோரையும் அதட்டி உட்கார வைப்பதால் எனக்குக் கண்டக்டர் என்று பெயர். வைத்தவர் பல்செட்காரர். அண்ணனின் பள்ளித் தோழர், பல் ஆஸ்பத்திரிகளுக்குச் செயற்கைப் பல் செய்து கொடுப்பவர். நான்காவது ஆள் அண்ணி. துணிக்கடை ஒன்றில் அளவு திருத்தித் தைக்கிறாள். எங்கள் கப்பலின் மெக்கானிக் அவள்தான்.

பத்து மாதம் முன்பு ஒரு ஞாயிற்றுக்கிழமை அண்ணன் தன் பழைய பைலட்டை ஓய்வு பெற வைத்துவிட்டதாக அறிவித்தான்.

"எனக்குப் புது ஆள் வேணும். ஆண்ட்ராய்டு."

"போன்ல இருக்கே, அதுவா?" என்றாள் அண்ணி.

நான் விளக்கினேன். பார்க்க மனிதன், உள்ளே முழுக்க இயந்திரம். அண்ணன் பேப்பரை இழுத்து எழுத ஆரம்பித்தான். ஆளின் விவரங்களை எழுதும் அந்தத் தாளுக்கு ஆள் தாள் என்று பெயர். என் மேஜையில் அது பேனாவால்தான் எழுதப்பட வேண்டும், ஒவ்வொரு வாரமும் புதிதாக எழுதப்பட வேண்டும். என் சட்டம் அது. பழைய தாளை எல்லாம் கோப்பில் போட்டு வைப்பேன்.

"பேரு பதினேழு," என்றான். "முன்னாடி பதினாறும் ரிப்பேராயிடுச்சு. கப்பல்ல பாரம் தூக்குற மெஷின் கையை இவன்தான் இயக்குறான். சின்னச் சின்ன அடியா நடப்பான். நடக்கும்போது வலது கையை வீச மாட்டான். முகத்துல ஒண்ணும் தெரியாது. மெதுவாதான் பேசுவான்."

இவ்வளவு யோசித்துக்கொண்டு வந்திருக்கிறானே என்று எனக்குத் தலைகால் புரியவில்லை. எங்கள் ஆட்டத்தில் எல்லா ஆளுக்கும் ஒரு குறை இருந்தாக வேண்டும். பல்செட்காரரின் கேப்டனுக்கு உயரம் என்றால் பயம், அண்ணியின் மெக்கானிக்குக் கோபம். பதினேழுக்கு என்ன குறை என்று கேட்டேன்.

அண்ணன் கொஞ்சம் யோசித்தான். "உள்ளுக்குள்ள கெட்டுப்போயிட்டே வர்றான். கப்பல்ல யாருக்கும் தெரியாது."

அந்த வரிக்குப் பக்கத்தில் நான் சிவப்பு மையால் 'அருமை' என்று எழுதினேன். இரண்டு ஆச்சரியக்குறி வேறு போட்டேன். அதை நினைத்தால் இப்போதும் என் கையை எங்கே வைத்துக்கொள்வது என்று தெரியவில்லை.

முதல் சில வாரங்கள் சாதாரணமாகப் போயின. அப்புறம் அவன் பிரமாதப்படுத்த ஆரம்பித்தான். பல்செட்காரர் என்ன கோமாளித்தனம் செய்தாலும் முகத்தில் ஒரு கோடு அசையாது. கண் சிமிட்டுவதே அபூர்வம். கேள்வி கேட்டால் இரண்டு நொடி கழித்து, ஏற்ற இறக்கம் இல்லாத குரலில் பதில் வரும். வலது கையின் கட்டைவிரலும் ஆள்காட்டி விரலும் மேஜைமேல் தாமாக உருண்டுகொண்டிருக்கும், மாத்திரை உருட்டுவதுபோல. "மோட்டார் ஓடுது பாரு!" என்று பல்செட்காரர் தொடையில் தட்டிச் சிரிப்பார். அவரும் அப்படிச் செய்து பார்ப்பார், வராது.

ஒவ்வொரு வாரமும் கடைசியில் யார் நன்றாக நடித்தார்களோ அவருக்குக் கூடுதலாக ஒரு பகடை பரிசு. ஓட்டெடுப்பு நடக்கும். பதினெட்டு வாரம் தொடர்ந்து அண்ணனே வாங்கினான். "அவனைப் பார்த்துக் கத்துக்குங்க" என்று பல்செட்காரரை நான் திட்டியதும் உண்டு. ஒருமுறை அண்ணன் கதவிலிருந்து நாற்காலி வரை வந்த நடையை அண்ணியையும் பல்செட்காரரையும் நடந்து பார்க்கச் சொன்னேன். அண்ணன் உட்கார்ந்தபடி பார்த்துக்கொண்டிருந்தான்.

அண்ணி மட்டும் முனகுவாள். "இங்கதான்னா சரி. வீட்டுலயும் ஒரே ரிகர்சல். முடியல."

"பெரிய நடிகரைக் கட்டிக்கிட்டா அப்படித்தான் அண்ணி," என்றேன். பெரிய புத்திசாலி நான்.

மூன்று வாரம் முன்பு, ஒரு செவ்வாய்க்கிழமை சாயங்காலம். புதிதாகச் சேர்ந்த ஒரு வங்கிக்காரப் பெண்ணுக்குக் கற்றுக்கொடுத்துக்கொண்டிருந்தேன். ஸ்டியரிங் அவள் கையில். என் பக்கம் எனக்கென்று ஒரு பிரேக் உண்டு, பழகுகிறவர்கள் தடுமாறினால் நான் மிதிப்பதற்காக. வேகத்தடை தாண்டித் திரும்பினோம். முன்னால் நடைபாதையில் ஒரு ஆள் போய்க்கொண்டிருந்தார். முதுகு கூன் போட்டு, காலைத் தூக்காமல் தேய்த்துத் தேய்த்து, சின்னச் சின்ன அடியாக. இடது கை வீசிக்கொண்டு போனது. வலது கை மடங்கி விலாவோடு ஒட்டிக் கிடந்தது.

பதினேழு, என்று நினைத்தேன். சத்தியமாக முதலில் அந்தப் பெயர்தான் வந்தது. உதட்டில் சிரிப்புகூட வந்தது. நடுத்தெருவில் ஒத்திகை பார்க்கிறானே பைத்தியக்காரன் என்று.

கார் அவனைக் கடந்தது. முகத்தைப் பார்த்தேன். அவன் என்னைப் பார்க்கவில்லை. யாரையும் பார்க்கவில்லை. அந்தத் தெருவில் அவனுக்கு வேடிக்கை பார்க்கிறவர் யாருமே இல்லை. யாருக்காக நடிக்கிறான்?

என் கால் பிரேக்கை மிதித்துவிட்டது. கார் குலுங்கி நின்றது. பின்னால் வந்தவன் ஹாரனை அலறவிட்டான்.

"நான் என்ன தப்பு பண்ணேன் மேடம்?" என்றாள் அந்தப் பெண், பயந்துபோய்.

"நீ இல்லைம்மா," என்றேன்.

அவளை இறக்கிவிட்டு நேராக வகுப்பறைக்குப் போய்க் கோப்பை எடுத்தேன். மாதத்துக்கு ஒன்றாகப் பதினேழின் தாள்களை உருவி மேஜையில் வரிசையாகப் போட்டேன். முதல் தாளில் அண்ணனின் எழுத்து குண்டு குண்டாக, கோட்டை மீறிக்கொண்டு இருந்தது. மூன்றாவதில் கோட்டுக்குள் அடங்கியிருந்தது. ஆறாவதில் எறும்பு. கடைசித் தாளில் வரியின் ஆரம்பம் எறும்பு, முடிவில் வெறும் கீறல். அந்தத் தாளின் ஓரத்தில் நான் எழுதியிருந்தேன்: 'மை தீர்ந்த அச்சு மெஷின் எழுதியதுபோலவே இருக்கிறது, சபாஷ்.'

கியர் மாற்றும்போது ஒருத்தரின் முழங்கை அரை அங்குலம் தப்பாக மடங்கினால் கண்டுபிடிக்கிறவள் நான். அதற்குத்தான் எனக்குச் சம்பளம். என் கூடப் பிறந்தவன் நாற்பது ஞாயிற்றுக்கிழமை என் கண்ணெதிரே விறைத்துக்கொண்டே போயிருக்கிறான். நான் மார்க் போட்டிருக்கிறேன். போனில் நான்கைந்து வார்த்தைகளைத் தட்டினேன். கை வீசாமை, சிறுத்த எழுத்து, தாழ்ந்த குரல், அசையாத முகம். முதலில் வந்ததே பார்க்கின்சன் நோய்தான். ஒவ்வொரு வரியும் பதினேழின் ஆள் தாளைப் பார்த்துக் காப்பி அடித்ததுபோல இருந்தது.

அதற்கப்புறம்தான் பெரிய இடி இறங்கியது. அண்ணன் கிரேன் ஓட்டுகிறவன். இருபத்து மூன்று மாடி உயரத்தில் ஒரு கண்ணாடிப் பெட்டிக்குள் உட்கார்ந்து, இரண்டு லீவர்களைப் பிடித்துக்கொண்டு, டன் கணக்கில் கான்கிரீட்டை மனிதர்கள் தலைக்கு மேலே நகர்த்துகிறவன். வலது கை லீவர்தான் பாரத்தை ஏற்றுவதும் இறக்குவதும்.

மறுநாள் அவன் ஷிப்டு முடியும் நேரத்துக்குக் கட்டட வேலை நடக்கும் இடத்தின் வாசலில் போய் நின்றேன். தலைக்கவசத்தோடு வந்தான். என்னைப் பார்த்ததும் வலது கையை வேண்டுமென்றே வீசி நடந்தான். முந்தின நாள் பார்த்திராவிட்டால் நம்பியிருப்பேன். காவலாளி அறைக்குப் பக்கத்தில் இருந்த பெஞ்சில் உட்கார்ந்தோம்.

"எப்போலேர்ந்து தெரியும்?" என்றேன்.

எதைக் கேட்கிறேன் என்று அவன் கேட்கவில்லை. தலைக்கவசத்தைக் கழற்றி மடியில் வைத்துக்கொண்டான்.

"பதினேழைப் பண்றதுக்கு மூணு வாரம் முன்னாடி."

"தெரிஞ்சேதான் பண்ணியா?"

"வேற எங்க பாப்பா போறது?" என்றான். நாற்பத்தோரு வயதிலும் அவனுக்கு நான் பாப்பாதான். "ஆறு நாளும் நல்லா இருக்கிறவன் மாதிரி நடிக்கிறேன். கையை வீசணும்னு ஞாபகம் வெச்சுக்கிட்டு வீசறேன். யாராவது ஜோக் சொன்னா சிரிக்கணும்னு ஞாபகம் வெச்சுக்கிட்டுச் சிரிக்கிறேன். வீட்டுக்கு வந்தா உங்க அண்ணிகிட்டயும் அதே. ஞாயித்துக்கிழமை மூணு மணி நேரம்தான் நான் சும்மா இருக்கேன். மதியம் போட வேண்டிய மாத்திரையைக்கூடப் போடாம வருவேன். எப்படி இருக்கேனோ அப்படியே உக்காந்திருப்பேன். நீங்க கை தட்டுவீங்க. எனக்கு அது நல்லா இருந்துச்சு."

அழுகையும் கோபமும் ஒன்றாக வந்தால் நான் கோபத்தைத்தான் எடுத்துக்கொள்வேன். "இந்தக் கையை வெச்சுக்கிட்டு மேல ஏறுறியே, உனக்கு வெக்கமா இல்ல?"

"மாத்திரை போட்டா கை நிக்குது. இன்னும் நாலு மாசத்துல இந்தக் கட்டடம் முடிஞ்சிடும். முடிச்சிட்டு இறங்கிடறேன்."

"ஒருநாளாவது கை தப்பினதே இல்லன்னு அம்மா மேல சத்தியம் பண்ணு."

அவன் காது சிவந்தது. போன மாதம் ஒருநாள், மதியத்துக்கு மேல், இறங்கிக்கொண்டிருந்த கான்கிரீட் பலகை திடீரென்று ஒரு ஆள் உயரத்துக்கு மடமடவென்று கீழே போய் நின்றிருக்கிறது. கீழே சைகை காட்டிக்கொண்டிருந்தவன் எகிறிக் குதித்துவிட்டான். காத்து என்று எல்லோரும் சொன்னார்கள். அண்ணனும் காத்து என்று சொல்லியிருக்கிறான்.

"அவனுக்கு இருபத்தஞ்சு வயசு," என்றான். "எனக்குக் கீழேர்ந்து கையை ஆட்டி, வாக்கி டாக்கில பரவாயில்லண்ணேன்னு சொன்னான்."

அவன் மேல் எனக்கு இரக்கம் இருந்தது. ஆனால் அந்த நிமிஷம் அவனை அறைந்துவிடலாம் என்றும் இருந்தது. இரண்டையும் மறைக்காமல் சொன்னேன். இனி ஒரு நாள்கூட ஏறக்கூடாது, மீறினால் நானே உள்ளே போய்ச் சொல்லிவிடுவேன் என்றேன். அவன் மன்றாடினான். முதலில் உன் அண்ணியிடம் சொல்லிவிடுகிறேன், அவளுக்குத் தெரியாமல் ஊருக்குத் தெரிய வேண்டாம் என்றான். வியாழனிலிருந்து சனி வரை முதுகு வலி என்று விடுப்பு போட வைத்தேன். ஞாயிற்றுக்கிழமை மேஜையில் சொல்வதாக அவனே கேட்டுக்கொண்டான். வீட்டில் அவள் முகத்தைத் தனியாகப் பார்த்துச் சொல்லத் தைரியம் இல்லையாம். அங்கே நீயும் இருப்பாய் என்றான். நானும் சரி என்றேன். அது எவ்வளவு பெரிய முட்டாள்தனம் என்று அப்போது எனக்குத் தெரியவில்லை.

ஞாயிற்றுக்கிழமை நான் கதையைத் தொடங்கவே இல்லை. பகடையைக்கூட வெளியே எடுக்கவில்லை. பல்செட்காரர்தான் பையிலிருந்து தன்னுடையதை எடுத்து உருட்டி விளையாடிக்கொண்டிருந்தார். அண்ணி நூல் ஒட்டிய ரவிக்கையைத் தட்டிவிட்டுக்கொண்டு உட்கார்ந்தாள். அண்ணன் இரண்டு கையையும் மேஜைமேல் வைத்தான். விரல்கள் உருள ஆரம்பித்தன.

"நான் ஒண்ணு சொல்லணும்," என்றான், அந்தத் தாழ்ந்த, தட்டையான குரலில். வேறு குரல் அவனிடம் இல்லை. "என் வலது கை கெட்டுப்போச்சு. இது இனிமே சரியாகாது. ரொம்ப நாளா எனக்குத் தெரியும். உங்க யார்கிட்டயும் சொல்லல. சொல்லாம ஆளுங்க தலைக்கு மேல பாரம் தூக்கிட்டு இருந்தேன்."

பல்செட்காரர் எழுந்து நின்று கை தட்டினார்.

"அடேங்கப்பா! எனக்குப் புல்லரிச்சுப் போச்சு. கண்டக்டர், இதுக்கு மேல இந்த வாரம் யாரும் நடிக்கவே வேணாம்!"

அண்ணி நாற்காலியை முன்னால் இழுத்துப் போட்டுக்கொண்டாள். மெக்கானிக்காக மாறிவிட்டாள். "ஏய் பதினேழு, இதுக்குப் போயா இவ்வளவு சோகம்? பழசைக் கழட்டிட்டு வேற கை மாட்டிடலாம். இரு." பல்செட்காரரின் பகடையை எடுத்து உருட்டினாள். ஆறு விழுந்தது. "பாத்தியா! சரியாயிடுச்சு!"

அண்ணன் என்னைப் பார்த்தான். முகத்தில் ஒன்றும் இல்லை. கண் மட்டும் என்னைக் கெஞ்சியது.

"அண்ணி," என்றேன். "அவன் நடிக்கல."

"தெரியும் தெரியும், பதினேழுக்கு நடிக்கத் தெரியாது," என்று சிரித்தாள்.

"அண்ணி! அண்ணனுக்குக் கை நிஜமாவே முடியல. டாக்டர் சொல்லிப் பத்து மாசமாகுது. இத்தனை நாளா அவன் நடிக்கவே இல்ல. நாமதான் கை தட்டிட்டு இருந்தோம்!" நான் கத்திவிட்டேன். அடக்க முடியவில்லை.

பல்செட்காரர் அப்படியே உட்கார்ந்துவிட்டார். தன் வலது கை விரல்களைப் பார்த்தார், அவனைப்போல உருட்டிக் காட்டிய விரல்களை. கையை மேஜைக்குக் கீழே கொண்டுபோய்விட்டார்.

அண்ணிக்குச் சிரிப்பு இன்னும் முழுதாகப் போகவில்லை. எங்கள் இருவரையும் மாறி மாறிப் பார்த்தாள். நாங்கள் சேர்ந்து அவளை ஏமாற்றுகிறோம் என்று நினைத்திருப்பாள்.

"என்னங்க," என்றாள். "போதும். கொஞ்சம் சிரிங்க பாப்போம்."

அண்ணன் முயற்சி செய்தான். நாங்கள் மூன்று பேரும் பார்த்தோம். உதட்டின் இடது ஓரம் மெல்ல மேலே போனது. வலது ஓரம் போகவில்லை. கன்னம் துடித்தது, நெற்றியில் வேர்த்தது. காது மடல் சிவந்துபோயிற்று. அந்த அரைச் சிரிப்பை அவன் பிடித்துக்கொண்டே இருந்தான், அவள் போதும் என்று சொல்லும் வரை.

அவள் சொல்லவில்லை. நான்தான் அவன் தோளைத் தொட்டு நிறுத்தினேன்.

அவன் இடது கையால் போனை எடுத்தான். வேலை மேற்பார்வையாளருக்கு அவனே பேசினான். நான் பேசுகிறேன் என்றதற்குத் தலையை ஆட்டி மறுத்துவிட்டான்.

"சார், நான்தான். நான் இனிமே மேல ஏற முடியாது."

"ஹலோ? யாரு? கேக்கல," என்றது எதிர்முனை. எங்களுக்கும் கேட்டது.

"நான் இனிமே ஏற முடியாது சார்."

"சத்தமாப் பேசுப்பா. காத்துல பேசற மாதிரி இருக்கு."

அண்ணன் போனை மேஜையில் வைத்தான். இரண்டு கையாலும் மேஜை விளிம்பைப் பிடித்துக்கொண்டு எழுந்து நின்றான். நெஞ்சு முழுக்க மூச்சை இழுத்தான். கழுத்து நரம்பு புடைத்தது.

"எனக்குக் கை கெட்டுப்போச்சு சார். போன மாசம் பலகை விழுந்தது காத்தால இல்ல. என்னால. என்னை ஏத்தாதீங்க."

அந்தப் பக்கம் கதவைச் சாத்துகிற சத்தம் கேட்டது. அப்புறம், "நாளைக்குக் காலைல நேரா ஆபீசுக்கு வா. கிரேன் பக்கம் போகாத," என்று வந்தது. இணைப்பு துண்டிக்கப்பட்டது.

அண்ணன் உட்கார்ந்தான். இருபது வருஷமாக அவன் ஏறிய ஏணி அத்தோடு முடிந்தது. அண்ணிதான் பேசினாள். அவனிடம் பேசவில்லை, என்னிடம் பேசினாள். அவனைப் பார்க்க அவளால் முடியவில்லை.

"போன வாரம் சாப்பிடும்போது கையிலேர்ந்து ஸ்பூன் நழுவி, குழம்பு எல்லாம் சட்டையில கொட்டிடுச்சு. அப்படியே பாத்துட்டு உக்காந்திருந்தாரு. நான் என்ன சொன்னேன் தெரியுமா உனக்கு? 'எனக்காக வீட்டுலயாவது மனுஷனா இருங்க'ன்னு கத்தினேன். அவர் எழுந்து போய்ச் சட்டையை அவரே துவைச்சுக்கிட்டாரு. எவ்வளவு நேரம் துவைக்கிறாருன்னு அதுக்கும் திட்டினேன்."

அண்ணன் தன் வலது கையை அவள் பக்கமாக நகர்த்தினான். பாதி தூரம்தான் வந்தது. மீதி தூரத்தை அவள் கடந்து வந்து அதைப் பிடித்துக்கொண்டாள்.